தும்மலில்லா ஊராட்சி

நத்தப்பாக்கம் ஊராட்சியில் சாமுவேலுக்கு அதுவரை பெரிய பெயர் எதுவும் இருந்ததில்லை. அறுப்புக் காலத்தில் மிஷினுக்குப் பின்னால் நெல் அள்ளுவான், மூட்டை தைப்பான், லாரியில் ஏற்றுவான். மற்ற மாதங்களில் சாலவாக்கம், மானாம்பதி பக்கம் எந்த வேலை கிடைத்தாலும் போவான். தை பிறந்தால் அவனுக்குத் தும்மல் வரும். அறுப்பு மிஷின் கிளப்பும் தூசு, வைக்கோல் சுணை, வேலிக்காத்தான் பூ, காலைப் பனி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் குடியேறும். மாசி கடைசியில் தானாகக் காலி செய்துகொண்டு போகும். ஊரில் யாரும் அதை ஒரு நோயாக நினைத்ததில்லை. அவனும் நினைத்ததில்லை.

பொங்கல் முடிந்த வாரத்தில் ‘இயற்கை மூச்சு இயக்கம்’ ஊருக்கு வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டார்கள். வந்திருக்கும் பெரியவர்கள் மேல் மண் பறக்கக் கூடாது என்று தரையெல்லாம் புது வைக்கோலைப் பரப்பினார்கள். இயக்கத்தின் தலைவர் முனைவர் கலைச்செல்வன் குத்துவிளக்கின் திரியில் தீக்குச்சியை வைக்கப் போன நேரம், நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டுவிட்டு ஓரமாக நின்றிருந்த சாமுவேல் தும்மினான்.

தும்மிய வேகத்தில் தீக்குச்சி அணைந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். அது காற்றில் அணைந்தது என்று பிரிஸ்கில்லா சொன்னாள். பிரிஸ்கில்லா அவன் மனைவி என்பதால் அந்தச் சாட்சியத்தை யாரும் ஏற்கவில்லை.

நல்ல காரியம் தொடங்கும்போது ஒற்றைத் தும்மல் ஆகாது. ஊராட்சித் தலைவர் வெங்கடேசன் பல்லைக் கடித்துக்கொண்டு, “டேய், இன்னொண்ணு போட்ரா. ரெட்டையா பூடட்டும்” என்றார். சாமுவேல் மூக்கைத் தேய்த்துப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், வைக்கோலைக்கூட எடுத்து முகர்ந்தான். விடிந்ததிலிருந்து கூப்பிடாமல் வந்துகொண்டிருந்த தும்மல், கூப்பிட்டபோது வரவில்லை. மொத்தக் கூட்டமும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

கலைச்செல்வன் கோபப்படவில்லை. அவர் முனைவர் பட்டம் வாங்கியது வணிகவியலில். எதில் வாங்கினார் என்று யாரும் கேட்காததால் அவரும் சொல்வதில்லை. கோபப்படுவதற்குப் பதிலாக அவர் மைக்கை எடுத்தார்.

“அன்பார்ந்த பெருமக்களே! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே குடவோலை போட்டுத் தேர்தல் நடத்திய உத்திரமேரூர் மண் இது! உலகத்துக்கே மக்களாட்சியைக் கற்றுக்கொடுத்த இந்த மண்ணிலே ஒரு மனிதன் தும்முகிறான் என்றால் அதற்கு யார் வெட்கப்பட வேண்டும்? அவனா? இல்லை! நானா? நிச்சயமாக இல்லை! நீங்கள்! நீங்கள் அத்தனை பேரும்!”

அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

அந்த மேடையிலேயே திட்டம் பிறந்தது. ஒரே பருவத்தில் நத்தப்பாக்கம் நாட்டின் முதல் தும்மலில்லா ஊராட்சி ஆகும். மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. துளசியும் நொச்சியும் மஞ்சளும் மட்டும். முதல் பயனாளி, தும்மியவனேதான்.

மறுநாளிலிருந்து இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் சசிரேகா ஸ்கூட்டியில் அவன் வீட்டுக்கு வந்தாள். காலையில் துளசி, சுக்கு, மிளகு போட்ட கஷாயம். சாயங்காலம் நொச்சித் தழை போட்டு ஆவி. காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுதல். வேலைக்குப் போகும்போது மூக்கில் ஈரத்துணி, திரும்பி வந்ததும் தலைக்குக் குளியல், உடுப்பு மாற்றிய பிறகே பாயில் உட்காருதல். உண்மையைச் சொன்னால், சாமுவேலுக்குச் சிலது இதமாகவே இருந்தது. ஆவி பிடித்தால் அடைத்த மூக்கு கொஞ்ச நேரம் திறந்தது. தலையில் ஒட்டிய சுணை குளியலில் போனதும் கண் அரிப்பு குறைந்தது. தும்மல் பாதியாகக் குறைந்தது என்று சொல்லலாம்.

ஆனால் பாதி என்பது திட்டத்தில் இல்லை.

ஆவி பிடிப்பதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. பிரிஸ்கில்லா எடுத்து அனுப்பினாள். போர்வைக்குள் இருப்பது பயனாளிதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு மேலிடம் படத்தைத் திருப்பி அனுப்பியது. போர்வையை விலக்கினால் ஆவி போய்விடும். ஆகவே சாமுவேல் முதலில் படத்துக்காகப் போர்வை இல்லாமல் ஆவி பிடித்தான். தண்ணீர் ஆறிய பிறகு மூக்குக்காகப் போர்வையோடு பிடித்தான்.

“தும்மல்னு சொல்லாதீங்க அண்ணா. சார் அந்த வார்த்தைய எடுத்துட்டார். இனிமே ‘சுவாச வெளிப்பாடு’ன்னு சொல்லணும்” என்றாள் சசிரேகா.

“அது வரும்போது இன்னா சொல்றதுன்னு யோசிக்க முடியாதும்மா. வந்துட்டுதான் போவும்.”

“அதான் பிரச்சினையே. நீங்க முயற்சி பண்ணல.”

அவனுக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்தது. ஒவ்வொரு தும்மலுக்குப் பிறகும் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோலச் சுற்றிலும் பார்த்தான்.

மாசி மாதத் தொடக்கத்தில் ஆய்வுக்கூட்டம் வைத்தார்கள். பயனாளியை மேடையில் உட்காரவைத்து, முகத்துக்கு நேராக வைக்கோலை உதறிக் காட்டப் போகிறார்கள் என்று சசிரேகா சொன்னாள். அன்று காலையில் சாமுவேலுக்குத் தீக்குச்சி அணைந்த அந்த நிமிடமும் அத்தனை கண்களும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன. டவுன் பஸ் ஏறி உத்திரமேரூர் போனான். ஒரு மெடிக்கல் ஷாப்பில், “தும்மலு நிக்கிறதுக்கு எதாச்சும் குடுங்க” என்று கேட்டான். சின்னதாக ஒரு மஞ்சள் மாத்திரை கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு வாய் டீயோடு விழுங்கினான். பிரிஸ்கில்லாவிடம்கூடச் சொல்லவில்லை.

மேடையில் அவனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அதுவும் தலைவர் வெங்கடேசனுக்குப் பக்கத்தில். வெங்கடேசன் வீட்டு நெல்லை சாமுவேலின் அப்பா தூக்கியிருக்கிறார், சாமுவேல் தூக்கிக்கொண்டிருக்கிறான். அவர் பக்கத்தில் உட்கார்வது என்பது இரண்டு தலைமுறையில் நடக்காத காரியம். நாற்காலியின் நுனியில் மட்டும் உட்கார்ந்தான்.

சசிரேகா வைக்கோலை உதறினாள். தூசு மேகமாக எழுந்தது. வெங்கடேசன் இருமினார். கலைச்செல்வன் கண்ணைக் கசக்கினார். சாமுவேலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாத்திரை கொடுத்த மயக்கத்தில் அவன் இமைகள் மெல்ல மூடின.

“பாருங்கள்!” கலைச்செல்வன் குரல் தழுதழுத்தது. “தும்மியவன் தியான நிலைக்கே போய்விட்டான்! சொல்லுங்கள் சாமுவேல், உங்களுக்கு இது எதனால் சரியானது?”

மைக் அவன் வாய்க்குப் பக்கத்தில் வந்தது. மாத்திரை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் அவன் அக்கா அம்முலு உட்கார்ந்திருந்தாள். புருஷன் போன பிறகு அடுத்த வீட்டிலேயே தனியாக இருப்பவள். தம்பி மேடையில் நாற்காலியில் இருப்பதைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் மூலிகைதாங்க” என்றான் சாமுவேல்.

அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தில் அவன் முகம் ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸில் நின்றது. “நான் மருந்தை விட்டேன், தும்மல் என்னை விட்டது” என்று கீழே எழுதியிருந்தது. அதுவரை தும்மலுக்கென்று அவன் மருந்தே சாப்பிட்டதில்லை. முதன்முதலில் சாப்பிட்டது அந்த மேடைக்காகத்தான். ஃப்ளெக்ஸைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனான். தன்னடக்கம் என்று ஊர் மெச்சியது.

ஊர் எல்லையில் ‘தும்மலில்லா ஊராட்சி உங்களை வரவேற்கிறது’ என்று பெரிய பலகை வைத்தார்கள். பலகை வைத்த பிறகு ஊருக்குள் தும்முவது மரியாதையாக இருக்காது என்று ஆகிவிட்டது. தும்மல் வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பலகையைத் தாண்டி ஓடினார்கள். காலை வேளையில் பலகைக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நின்று தும்மிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊருக்குள் திரும்பினார்கள். டவுன் பஸ் கண்டக்டர் அந்த இடத்தில் விசில் கொடுத்து, “தும்முறவங்கல்லாம் எறங்கித் தும்மிட்டு ஏறுங்க. உள்ள போயிட்டா நான் பொறுப்பில்ல” என்றார். பக்கத்து ஊராட்சித் தலைவர், எங்கள் எல்லையில் வந்து தும்முகிறார்கள் என்று புகார் கொடுத்தார். கலைச்செல்வன் அந்தப் புகாரைப் பத்திரிகையாளர்களிடம் காட்டினார். “தும்மல் ஊரைவிட்டு வெளியேறிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?”

சாமுவேல் அந்த வரிசையில் நிற்க முடியாது. அவன் ஃப்ளெக்ஸில் இருப்பவன். வெங்கடேசன் வயலில் பம்புசெட்டு ஓடும்போது மோட்டார் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சத்தத்தில் தும்முவான். வெளியே வரும்போது கள்ளச்சாராயம் குடித்தவனைப்போல முகம் சிவந்திருக்கும்.

பிறகுதான் மருந்து ஒப்படைப்பு விழா வந்தது.

மருந்தை நம்பும் வரை மூலிகை வேலை செய்யாது, ஆகவே ஊர்மக்கள் தங்களிடம் இருக்கும் மூச்சு மருந்துகளை எல்லாம் ஒரு பித்தளைக் குடத்தில் போட்டுவிட்டு, பதிலுக்கு ஒரு துளசிச் செடியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கலைச்செல்வன் அறிவித்தார். குடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு சாமுவேலைவிடப் பொருத்தமான ஆள் வேறு யார்?

ஊராட்சித் தலைவரின் மனைவி சொக்கம்மாள் முதலில் வந்தாள். அவளுக்குப் பனிக்காலத்தில் மூச்சிழுப்பு உண்டு. “உன்னப் பாத்துத்தான் சாமுவேலு எனக்கே நம்பிக்க வந்துச்சு” என்று சொல்லித் தன் மருந்தைக் குடத்தில் போட்டாள். இன்னும் சிலர் வந்தார்கள். மாத்திரை அட்டைகள், சிரப்பு பாட்டில்கள். ஒவ்வொன்றும் விழும்போது குடம் ஒரு சத்தம் போட்டது.

பிறகு அம்முலு வந்தாள். கையில் அவளுடைய நீலக் கலர் பஃப், வாயில் வைத்து இழுக்கும் மூச்சு மருந்து. பல வருஷமாக இடுப்பில் சொருகிய சுருக்குப்பையில் அவளோடு இருப்பது. களத்தில் வைக்கோல் திரட்டும்போது மூச்சு இரைத்தால் நின்று அதை இழுத்துவிட்டு மறுபடி வேலைக்குப் போவாள்.

“அக்கா, நீ...”

“இன்னாடா?”

“உனுக்கு இது வேற இல்லியா? எனுக்கு வெறும் தும்மலு. உனுக்கு இழுப்பு...”

சசிரேகா புன்னகை மாறாமல் அவன் பக்கம் குனிந்து, “அண்ணா, வீடியோ ஓடுது” என்றாள்.

அவன் நிறுத்திக்கொண்டான். அம்முலு சிரித்தாள். “உனுக்கு நல்லது ஆனது எனுக்கு ஆவாதா? ஒரே வயித்துல பொறந்தோம்” என்றாள். பஃப்பைக் குடத்தில் போட்டாள். துளசிச் செடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள். சாமுவேல் குடத்தைப் பிடித்தபடி நின்றான். அன்றைக்கு அது அவனுக்கு நெல் மூட்டையைவிடக் கனமாக இருந்தது.

அன்றிலிருந்து அவன் தினமும் அக்கா வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தான். அவள் இருமினால் எழுந்து உட்கார்ந்தான். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பான். மறுநாள் காலையில் அவள் வாசலில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, “பாருடா, எப்டி தழஞ்சிகினு வருது” என்பாள். அவனால் சொல்ல முடியாது. நல்லாத்தானே இருக்கிறாள் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வேலைக்குப் போவான்.

திட்டத்தின் நிறைவுக்கு முன்பு மூலிகைப் புகை ஊர்வலம் நடந்தது. டிராக்டர் ட்ரெய்லரில் இரும்புப் பீப்பாய்கள். அவற்றில் நொச்சியும் வேப்பந்தழையும் சாம்பிராணியும் புகைந்தன. முன்னால் ஒரு மேசையில், வாயைச் சிவப்புத் துணியால் கட்டி அரக்கு முத்திரை வைத்த பித்தளைக் குடம், மாலையோடு. தெருத் தெருவாகப் போனார்கள். எதிர் வீடு தெரியாத அளவுக்குப் புகை. ஜனங்கள் இருமினார்கள்.

“இருமுங்கள்! நன்றாக இருமுங்கள்! நோய் வெளியேறுகிறது!” என்று கலைச்செல்வன் ஒலிபெருக்கியில் உற்சாகப்படுத்தினார்.

காலனித் தெருவுக்குள் டிராக்டர் திரும்பியபோது அம்முலு குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குடத்தை விட்டுவிட்டு மண்ணில் மண்டியிட்டாள். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்கு வாயைத் திறந்தாள். விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. பிரிஸ்கில்லா ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டு, “யோவ், அண்ணிக்கு மூச்சு நின்னு போவுதுய்யா!” என்று கத்தினாள்.

சாமுவேல் ட்ரெய்லரில் நின்றிருந்த சசிரேகாவிடம் ஓடினான். “அம்மா, எங்கக்கா பஃப்பு அதுல கீது. குடத்தத் தொறங்க.”

சசிரேகாவின் முகம் வெளுத்தது. ஆனால் பயிற்சி அவளைக் கைவிடவில்லை. “அண்ணா, ஒப்படைச்ச மருந்தத் திருப்பிக் கொடுத்தா திட்டம் பின்னாடி போன மாதிரி ஆயிடும். இது காஞ்சிபுரம் கண்காட்சிக்குப் போக வேண்டிய குடம். முத்திரைய சார்தான் உடைக்கணும். ஒரு நிமிஷம் இருங்க, சார் மைக்ல இருக்கார்.”

குடம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு துணி, கொஞ்சம் அரக்கு. மூட்டை தைக்கும் கை அது. ஒரே இழுப்பில் கிழித்திருக்கலாம். சாமுவேல் கிழிக்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, சார் பேசி முடிப்பதற்காக நின்றான். ஏன் நின்றான் என்று பிறகு அவன் எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கிழித்தது பிரிஸ்கில்லாதான். அம்முலுவைப் பக்கத்து வீட்டுக்காரியின் மடியில் சாய்த்துவிட்டு ஓடிவந்தாள். புருஷனைத் தள்ளினாள். ட்ரெய்லரில் ஏறிக் குடத்தைக் கவிழ்த்தாள். அட்டைகளும் பாட்டில்களும் தெருவில் உருண்டன. அதில் நீல நிறத்தைப் பொறுக்கிக்கொண்டு ஓடினாள்.

“கண்காட்சிப் பொருள்! கண்காட்சிப் பொருள்!” என்றது ஒலிபெருக்கி.

பஃப் அடித்தும் மூச்சு முழுதாகத் திரும்பவில்லை. அம்முலுவை நடுவில் உட்காரவைத்து, பின்னால் பிரிஸ்கில்லா பிடித்துக்கொள்ள, சாமுவேல் பக்கத்து வீட்டு பைக்கை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். பலகையைத் தாண்டிய இடத்தில் வரிசையாகத் தும்மிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் இளமதி அம்முலுவின் முகத்தில் மாஸ்க்கை வைத்து மருந்தை உள்ளே விட்டாள். மார்பு ஏறி இறங்குவது மெல்ல நிதானத்துக்கு வந்தது. அதன் பிறகு, “பஃப்ப எப்பலேந்து நிறுத்தினீங்க?” என்று கேட்டாள்.

விஷயத்தை பிரிஸ்கில்லா சொன்னாள். இளமதி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “ஆவி பிடிங்க, கஷாயம் குடிங்க, மூக்கக் கழுவுங்க, யாரு வேணான்னாங்க? மூக்கடைப்புக்கு எதமாத்தான் கீது. நானே வூட்ல பண்றேன். ஆனா இழுப்புக்காரங்கள மருந்த நிறுத்துன்னு சொல்றது யாரு? பொகைய வேற போட்டிருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? எந்தப் புண்ணியவான் அது சொன்னது?”

பிரிஸ்கில்லா புருஷனைப் பார்க்கவில்லை. அவனைப் பார்க்காமல் இருப்பதற்காகவே சுவரைப் பார்த்தாள். சாமுவேல் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றான். அன்று அவனுக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. மறைக்கவில்லை.

மறுநாள் கலைச்செல்வன் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

“முதலில் ஒரு நல்ல செய்தி. உங்களுக்கு வந்தது மூச்சுத்திணறல். தும்மல் அல்ல. மருத்துவக் குறிப்பில் தும்மல் என்ற சொல்லே இல்லை, நானே பார்த்துவிட்டேன். ஆகவே நம் ஊராட்சியின் பெருமைக்கு எந்தக் களங்கமும் இல்லை. நீங்கள் கவலைப்படக் கூடாது.”

அம்முலு கும்பிட்டாள்.

“ஆனால் எங்கோ ஒரு சிறிய தவறு நடந்திருக்கிறது. மூலிகை பொய்க்காது. துளசி பறிக்கும்போது கையைக் கழுவினீர்களா?”

அம்முலு யோசித்தாள். “ஒரு நாளு... சாணி அள்ளிட்டு அப்டியே பறிச்சிட்டேங்க.”

“ஆ!” என்றார் கலைச்செல்வன். அந்த ‘ஆ’வில் அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது.

அவர் போன பிறகு அம்முலு தம்பியைக் கூப்பிட்டாள். குரல் இன்னும் மேலே எழவில்லை. “நீ எப்டிடா சுத்தபத்தமா பண்ண? எனுக்கு அந்த அளவுக்குத் தெரியல. என் தப்புதான். உங்களையெல்லாம் பேஜார் பண்ணிட்டேன்.”

சாமுவேலால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை, அழுதுவிட்டான். எதற்கு அழுகிறான் என்று தெரியாமல் அம்முலு அவன் கையைத் தடவிக்கொடுத்தாள். மாத்திரை விஷயத்தை அவன் அப்போதும் சொல்லவில்லை. நிறைவு விழா நான்கு நாளில் இருந்தது. பொய்யை மைக்கில் சொன்னோம், மைக்கிலேயே திருப்பி எடுத்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும் என்று முடிவு செய்தான். அது யோக்கியமான காரியம் என்று அப்போது நினைத்தான். அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட ஊரைப் பார்த்துச் சொல்வது சுலபம் என்பதையும் அவன் அறிந்தே இருந்தான்.

விழாவில் கூட்டம் நிறைந்திருந்தது. தெருமுனை வரைக்கும் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ‘முன்மாதிரி மூச்சாளர்’ விருதை வாங்கக் கூப்பிட்டதும் சாமுவேல் விருதைத் தொடாமல் மைக்கைப் பிடித்தான்.

“நான் பொய் சொன்னேங்க. அன்னிக்கு மேடையில தும்மலு வராதது மூலிகையால இல்ல. உத்திரமேரூர்ல மாத்திர வாங்கிப் போட்டுகினு வந்தேன். இன்னும் தும்மிகினுதான் கீறேன். மோட்டார் கொட்டாயில போயித் தும்முறேன். என் பேச்ச நம்பி எங்கக்கா மருந்த வுட்டு, சாவக் கெடந்துச்சு. யாருன்னா மருந்த நிறுத்தியிருந்தா தயவுசெஞ்சி மறுபடி போடுங்க. தப்பு என்னுதுதான்.”

வெங்கடேசன் தரையைப் பார்த்தார். சசிரேகாவின் கண்கள் கலங்கின. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எல்லாம் உடைந்துவிடும்போல இருந்தது.

கலைச்செல்வன் எழுந்து வந்து சாமுவேலைக் கட்டித் தழுவினார். அவன் கையிலிருந்த மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“பெருமக்களே, என்ன சொல்வேன்! மூலிகை முதலில் மூக்கைத் தூய்மையாக்கும். பிறகு நெஞ்சை. அதன் உச்ச நிலையில் மனத்தையே தூய்மையாக்கிவிடும் என்று நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். இதோ நம் கண்முன்னே ஒரு தொழிலாளி! செய்யாத தவறையெல்லாம் தன் தவறாக எண்ணிக் கண்ணீர் விடுகிறான்! மாத்திரை போட்டேன் என்கிறான்! எப்பேர்ப்பட்ட பணிவு! எந்த மாத்திரை இந்த மனத்தைக் கொடுக்கும்? நான் கேட்கிறேன், எந்த மாத்திரை?”

கூட்டம் முதலில் தயங்கியது. பிறகு யாரோ தட்டினார்கள். தொடர்ந்து எல்லோரும் தட்டினார்கள்.

“நெசமாத்தான் சொல்றேன்!” என்று சாமுவேல் கத்தினான். மைக் இல்லாததால் முதல் வரிசைக்கு அப்பால் கேட்கவில்லை. முதல் வரிசையில் இருந்தவர்கள் அவனுடைய பணிவை நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அடுத்த ஆண்டு இதே ஊரைப் பொய்யில்லா ஊராட்சியாக மாற்றும் திட்டமும் அங்கேயே அறிவிக்கப்பட்டது. முதல் பயனாளியின் பெயரையும் சொன்னார்கள்.

சாமுவேல் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அக்கா வீட்டுக்குப் போனான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த அம்முலு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பஃப் மடியில் இருந்தது.

“ஸ்பீக்கர்ல கேட்டேன். நீ சொன்னது நெசமா, அந்தாளு சொன்னது நெசமா?” என்றாள்.

“நான் சொன்னதுதான்க்கா.”

அவள் பஃப்பை எடுத்துச் சுருக்குப்பைக்குள் வைத்தாள். வெளியே மைதானத்தில் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

“நான் திட்ட மாட்டேன்டா. அவ்ளோ ஜனத்துக்கு முன்னால, தலைவரு பக்கத்துல குந்திகினு, உனுக்கு வாய் வராமத்தான் போயிருக்கும். மேடையில நீ இன்னா வேணா பேசியிருக்கலாம்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “எனுக்கு மட்டும் காதாண்ட வந்து சொல்லியிருக்கலாம் இல்ல? அடுத்த வூடுதான?”

தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“இன்னும் யார் யாரு அந்தக் கொடத்துல போட்டாங்க?” என்று அம்முலு கேட்டாள்.

அவன் சொன்னான்.

“அப்ப இங்க குந்திகினு இன்னா பண்ற?”

சாமுவேல் எழுந்தான். தலைவர் வீட்டுக்கு அவன் எப்போதும் தோட்டத்துப் பக்கமாகத்தான் போவான். நெல் எடுக்கப் போகிறவர்களுக்கு அதுதான் வழி. அன்று முன்வாசலில் போய் நின்று, “அம்மா” என்று கூப்பிட்டான்.

சொக்கம்மாள் வந்தாள். கதவு நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் அவளால் நிற்க முடிந்தது. அவள் நெஞ்சின் விசில் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

“இப்பதான் மீட்டிங்குல உன் பேச்சக் கேட்டுட்டு வரேன்” என்றாள் அவள். “எவ்ளோ நல்ல மனசு உனுக்கு. ஏன் சாமுவேலு, இந்த இழுப்புக்கு இன்னொரு கசாயம் கீதாமே, அது உனுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்கம்மா. எனுக்கு ஒண்ணுமே தெரியாது” என்றான் சாமுவேல். பிறகு அவன் இதுவரை ஏறியிராத அந்தப் படியில் ஏறி, அவள் காதுக்குக் கேட்கிற தூரத்தில் நின்று, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.